எண்ணெய் வழியும் தலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைமுடியில் பிசுபிசுப்பு இருப்பவர்களிடம் சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது "ஒழுங்காகத் தலைக்குக் குளி" என்பதுதான். அடுத்த வாரமே அவர்கள் "இவ்வளவு அடிக்கடி குளித்தால் முடி கொட்டிவிடும்" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களுக்காக இந்தப் பக்கம். எண்ணெய்த் தலை அழுக்கின் அடையாளமோ சோம்பலின் அடையாளமோ கிடையாது. அது சுரப்பிகள் செய்யும் வேலை. அந்த வேலையை நிறுத்த முடியாது. வெளியே வந்த எண்ணெயைத் தலையைப் புண்படுத்தாமல் அகற்ற முடியும், அதுவே போதும்.

காலையில் தலைக்குக் குளிக்கிறேன். மாலைக்குள் முடி ஒட்டிக்கொள்கிறது. ஏன் எனக்கு மட்டும் இப்படி?

ஒவ்வொரு முடியின் வேர்க்காலோடும் எண்ணெய்ச் சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. முகத்திலும் தலையிலும்தான் இவை மிக நெருக்கம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருக்கும். இவற்றிலிருந்து வரும் எண்ணெய்க்கு சீபம் என்று பெயர். சுரப்பியின் செல்கள் கொழுப்பால் நிறைந்து, வெடித்து, தாங்களே சீபமாக மாறி வெளியே வருகின்றன. தோலும் முடியும் வறண்டுபோகாமல் இருக்க இது தேவை.

எவ்வளவு சுரக்கும் என்பதைப் பெரும்பாலும் மரபணுவும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன, முக்கியமாக ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்மை ஹார்மோன்கள். இவை பெண்களின் உடலிலும் உண்டு.

ஒரே அளவு எண்ணெய் சுரக்கும் இரண்டு பேரில் ஒருவருடைய முடி மட்டும் பிசுபிசுப்பாகத் தெரியலாம். அதற்குக் காரணம் முடியின் வடிவம். நேரான முடியில் சீபம் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சரசரவென்று கீழே பரவிவிடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் அதன் வேகம் குறையும். வேர் எண்ணெயாகவும் நுனி வறண்டும் இருக்கும். மெல்லிய முடி என்றால் கொஞ்சம் எண்ணெய் பட்டாலே இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலையோடு படிந்துவிடும். "உனக்குத்தான் அதிகம் வழிகிறது" என்று யாராவது சொன்னால், அதில் பாதி உங்கள் முடி மெல்லியதாகவும் நேராகவும் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கலாம்.

தினமும் ஷாம்பு போட்டால், தலை அதை ஈடுகட்ட இன்னும் அதிகமாக எண்ணெய் சுரக்குமாமே?

இந்த நம்பிக்கைதான் எண்ணெய்த் தலைக்காரர்களை மிக அதிகமாக வதைக்கிறது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் இதை நம்பிப் பலர் வாரக்கணக்கில் குளிக்காமல் "தலையைப் பழக்கப்படுத்த" முயன்று, அரிப்பும் பொடுகும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

தோலின் மேற்பரப்பில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சுரப்பிக்குத் தெரிய வழியில்லை. அது ஹார்மோன் சொல்வதைக் கேட்டு ஓரளவு சீரான வேகத்தில் வேலை செய்துகொண்டே இருக்கிறது. மேலே எண்ணெய் குறைந்தால் சுரப்பி வேகமெடுக்கும் என்ற கருத்து ஒரு காலத்தில் தோல் மருத்துவர்களிடையிலும் இருந்தது. ஆல்பர்ட் கிளிக்மேன், வால்டர் ஷெல்லி என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1958-இல் வெளியிட்ட ஆய்வில் அதைச் சோதித்து, அப்படி ஒன்று நடப்பதில்லை என்று எழுதினார்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: ஒரு செல் உருவாகி, நிறைந்து, உடைந்து வெளியே வர ஓரிரு வாரங்கள் ஆகும். இன்று மாலை தலையில் தெரியும் எண்ணெய் பல நாட்களுக்கு முன்பே தயாரிப்பில் இருந்தது. காலையில் போட்ட ஷாம்பு அதை எப்படிக் கூட்ட முடியும்?

பிறகு ஏன் குளித்த சில மணி நேரத்தில் மறுபடி எண்ணெய்? வேர்க்காலுக்குள் ஏற்கெனவே கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மேலே துடைத்ததும் அது மெல்ல ஏறி வருகிறது. குளிக்காமல் இருந்தாலும் அதே அளவுதான் வந்திருக்கும். ஏற்கெனவே பிசுபிசுப்பாக இருந்த தலையில் நமக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

சரி, வாரத்துக்கு எத்தனை முறை குளிக்கலாம்?

தலை எண்ணெயாகத் தெரியும்போது. அது தினமும் என்றால் தினமும். நேரான, மெல்லிய, எண்ணெய் மிகுந்த முடி உள்ளவர்கள் தினம் ஒரு முறை ஷாம்பு போடுவதில் தவறே இல்லை. சுருட்டையான, அடர்த்தியான முடி என்றால் இடைவெளி விட வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கே நுனி சீக்கிரம் உலர்ந்து உடையும். வேரைப் பார்த்து எப்போது குளிப்பது என்று முடிவுசெய்யுங்கள், நுனியைப் பார்த்து கண்டிஷனரை முடிவுசெய்யுங்கள்.

2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அடிக்கடி ஷாம்பு போட்டவர்களின் தலைதான் நலமாக இருந்தது, அவர்கள்தான் திருப்தியாகவும் இருந்தார்கள் என்று சொல்லியது; வாரத்துக்கு ஐந்தாறு முறை குளித்தவர்களிடம் இந்தத் திருப்தி உச்சத்தில் இருந்தது. ஷாம்பு தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்தது என்பதால் கொஞ்சம் கவனத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும், வழக்கம்போல் குளிக்க முடியாத அண்டார்க்டிகாவில் தங்கியிருந்த ஓர் ஆய்வுக்குழுவினரிடமும் அரிப்பும் செதிலும் கூடியதை அதே ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. குளிக்காமல் விடுவதால் தலை தானே சரியாகிவிடும் என்பதற்கு எதிரான சான்றுதான் இது.

தினமும் குளித்தால் முடி கொட்டாதா?

கொட்டாது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை யாருக்கும் உதிரும். நாலு நாள் கழித்துக் குளித்தால் நாலு நாள் முடியும் ஒரே நேரத்தில் கையில் வரும், பார்க்கவே பயமாக இருக்கும். தினமும் குளிப்பவருக்கு அது பிரிந்து போய்விடுகிறது. ஷாம்பு அந்த முடியைப் பிடுங்கவில்லை. ஏற்கெனவே கழன்று நின்றதை வெளியே கொண்டுவந்தது.

எண்ணெயே முடியைக் கொட்டவைக்கும் என்பதும் சரியில்லை. ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கைக்கும் சீபம் சுரப்பதற்கும் பின்னால் ஒரே குடும்ப ஹார்மோன்கள் இருப்பதால் இரண்டும் சேர்ந்து தெரியலாம். ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது.

தலைக்குக் குளிப்பதில் என்ன முறை இருக்கிறது? தண்ணீர் ஊற்றி ஷாம்பு போடுவதுதானே?

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முடியைக் கழுவுகிறார்கள், தலையைக் கழுவுவதில்லை. எண்ணெய் வருவது தோலிலிருந்து. ஷாம்பு போய்ச் சேர வேண்டிய இடமும் தோல்தான்.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் வேர் வரைக்கும் நன்றாக நனையுங்கள். அடர்த்தியான முடி என்றால் இதற்கே ஒரு நிமிடம் ஆகும். கொதிக்கும் சூட்டில் வேண்டாம், தோல் எரிச்சலாகும். பச்சைத் தண்ணீரிலும் குளிக்கலாம், ஆனால் எண்ணெய் சற்று மெதுவாகத்தான் கரையும். ஷாம்பைக் கையில் எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலந்து, விரல்களால் வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் தடவுங்கள். உச்சி, காதுக்கு மேலே, காதுக்குப் பின்னால், பிடரி. பிடரியைத்தான் எல்லோரும் மறக்கிறோம். விரல் நுனியின் சதையால் தேயுங்கள், நகம் படக் கூடாது.

முதல் முறை நுரை சரியாக வராது. எண்ணெய் நுரையை அடக்கிவிடும் என்பதால் அப்படி. ஷாம்பு போதவில்லை என்று இன்னும் அள்ளி ஊற்ற வேண்டாம்; அலசிவிட்டு, பாதி அளவில் இரண்டாம் முறை போடுங்கள். இந்த முறை நுரை பொங்கும். மிகவும் எண்ணெய் வழியும் தலைக்கு, சின்ன அளவில் இரண்டு முறை போடுவது, பெரிய அளவில் ஒரே முறை போடுவதைவிட எவ்வளவோ மேல். எனக்கும் எண்ணெய்த் தலைதான். ஒரே ஒரு பழக்கத்தை மாற்றச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். முடியின் கீழ்ப்பகுதியைத் தனியாகத் தேய்க்கத் தேவையில்லை, அலசும்போது வழிந்து போகும் நுரையே போதும்.

அப்புறம் அலசுவது. போட்ட நேரத்தைவிட அலசும் நேரம் அதிகமாக இருக்கட்டும்.

எந்த ஷாம்பு வாங்கலாம்?

விளம்பரத்தைப் படிக்காமல் பின்னால் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட், சோடியம் லாரெத் சல்ஃபேட் போன்றவை எண்ணெயை வலுவாக எடுக்கும். கோகமிடோப்ரோப்பில் பீட்டெய்ன், சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் போன்றவை மென்மையானவை. "சல்ஃபேட் இல்லாதது" என்றாலே நல்லது என்று நினைக்க வேண்டியதில்லை. எண்ணெய்த் தலைக்கு லாரெத் சல்ஃபேட்டும் பீட்டெய்னும் கலந்த சாதாரண ஷாம்பே பெரும்பாலும் சரியாக வேலை செய்யும். தினமும் போடுபவர்களுக்கு எரிச்சலோ இறுக்கமோ தோன்றினால் மென்மையானதற்கு மாறலாம்.

"ஊட்டமளிக்கும்", "வறண்ட முடிக்கு", "பட்டுப்போன்ற" என்று எழுதியிருக்கும் ஷாம்புகளிலும், ஷாம்பும் கண்டிஷனரும் ஒன்றாகக் கலந்தவற்றிலும் முடியில் வழுவழுப்பாகப் படியும் சிலிக்கோனும் எண்ணெய்களும் அதிகம் இருக்கும். உங்களுக்கு அவை வேண்டாம். விலைக்கும் பலனுக்கும் பெரிய சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கண்டிஷனர் போட்டால் இன்னும் பிசுபிசுப்பாகுமே?

வேரில் போட்டால் ஆகும். காதுக்குக் கீழே, நுனிப் பகுதியில் மட்டும் போட்டு அலசுங்கள். குட்டை முடி என்றால் கண்டிஷனரே தேவைப்படாமல் போகலாம்.

குளித்து, உலர்ந்த உடனேயே மெழுகு தடவியது போல இருக்கிறது. இதுவும் சீபம்தானா?

இருக்காது. உலர்ந்த அந்த நிமிடத்தில் அவ்வளவு சீபம் வந்திருக்க முடியாது. மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: சரியாக அலசாமல் நின்றுபோன ஷாம்பு அல்லது கண்டிஷனர், நாளாக நாளாகப் படிந்த சிலிக்கோன், ஜெல், சீரம், அல்லது உப்புத் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் சோப்பு போட்டுத் தலை குளித்தால், இரண்டும் சேர்ந்து கரையாத படிவமாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். குளியலறைத் தரையில் படியும் வெள்ளைப் படலம் அதே பொருள்தான். தலைக்குச் சோப்பு போடுவதை விட்டுவிடுங்கள். ஷாம்பு கடின நீரில் இப்படித் திரிவதில்லை. ஏற்கெனவே படிந்ததை எடுக்க, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து எடுக்கும் ஈடிடிஏ என்ற பொருள் சேர்ந்த, ஆழமாகச் சுத்தம் செய்யும் ஷாம்பை எப்போதாவது ஒரு முறை போடலாம். தினமும் வேண்டாம்.

ட்ரை ஷாம்பு நல்லதா?

தண்ணீர் இல்லாமல் தலையில் தூவும் இந்த ஷாம்பு அவசரத்துக்கு நல்லது. அதிலுள்ள ஸ்டார்ச் எண்ணெயை உறிஞ்சி மறைக்கிறது. எண்ணெய், இறந்த செல்கள், ஸ்டார்ச் மூன்றும் தலையிலேயேதான் இருக்கும். அடுத்தடுத்த நாட்களில் அடுக்கடுக்காகப் போட்டால் அரிப்பு வரும். வேரில் லேசாகத் தூவி, ஓரிரு நிமிடம் விட்டு, சீப்பால் வாரி எடுங்கள். அடுத்த குளியலில் நன்றாகக் கழுவுங்கள்.

ஸ்ப்ரே வகையைக் காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். 2022 அக்டோபரில் அமெரிக்காவில் பல ஸ்ப்ரே ட்ரை ஷாம்புகள், அவற்றைப் பீய்ச்சும் அழுத்த வாயு வழியாகப் பென்சீன் என்ற நச்சுப்பொருள் கலந்திருக்கக்கூடும் என்று சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பவுடர் வகையில் அந்த அழுத்த வாயு இல்லை.

தலையே எண்ணெயாக இருக்கும்போது, மேலே எண்ணெய் வைக்கலாமா?

தோலில் வேண்டாம், முடியில் வைக்கலாம். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைப்பதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது; சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அதைச் செய்யவில்லை. எனவே நீளமான, உலர்ந்த நுனி உள்ளவர்கள் குளிப்பதற்கு முன் நுனியில் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம். வேரில் தடவி இரவு முழுக்க ஊறவிடுவது, முக்கியமாகப் பொடுகு இருப்பவர்களுக்கு, நிலைமையை மோசமாக்கும். காரணம் அடுத்த பதிலில்.

பொடுகு வறட்சியால் வருவதா, எண்ணெயால் வருவதா? எனக்கு இரண்டும் இருக்கிறதே.

பொடுகைப் பார்த்தால் வறண்ட தோல் உரிவது போலத்தான் தெரியும். அதனால்தான் ஆளாளுக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறார்கள். உண்மையில் பொடுகு எண்ணெய்த் தலையின் கூட்டாளி.

எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை வாழ்கிறது. 1874-இல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் லூயி-சார்ல் மலசேயின் பெயர்தான் அதற்கு வைக்கப்பட்டது. இந்தப் பூஞ்சைக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்கத் தெரியாது; நம் சீபத்தை உடைத்துத்தான் பிழைக்கிறது. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஒலிக் அமிலம் போன்ற மிச்சத்தை விட்டுவிடும். அந்த மிச்சம் சிலருடைய தோலை உறுத்தும். உறுத்தப்பட்ட தோல் அவசர அவசரமாகச் செல்களை உதிர்க்கும், அதுதான் செதில். நாம் வைக்கும் எண்ணெயிலும் அந்தப் பூஞ்சைக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன.

செதில் மஞ்சளாக, பிசுக்காக, தோல் சிவந்து, புருவத்திலும் மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும் தெரிந்தால் அது செபோரிக் டெர்மடைடிஸ். இது பொடுகின் தீவிர வடிவம், தொற்றக்கூடியது இல்லை.

வைத்தியம் இருக்கிறது, அதுவும் எளிதானது. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பை வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் வரை போட வேண்டும். போட்டதும் அலசக் கூடாது. 3 முதல் 5 நிமிடம் தோலில் நிற்க வேண்டும். "போட்டுப் பார்த்தேன், பலனில்லை" என்பவர்களில் பலர் இந்த ஐந்து நிமிடத்தை விட்டவர்கள். சரியானதும் மறுபடி வராமலிருக்க ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை தொடரலாம். மற்ற நாட்களில் உங்கள் வழக்கமான ஷாம்பு. செலினியம் சல்ஃபைடும் பொடுகுக்கு நல்ல மருந்து, ஆனால் சிலருக்கு அது தலையை இன்னும் பிசுபிசுப்பாக்கும், சாயம் பூசிய முடியின் நிறத்தையும் மாற்றும். கனமான செதிலுக்குச் சாலிசிலிக் அமிலம் உதவும். நெடுநாள் புழக்கத்திலிருந்த ஜிங்க் பைரிதியோனை அழகுசாதனப் பொருட்களில் சேர்க்க 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. வேறு பல நாடுகளில் இன்னும் விற்பனையில் உண்டு.

எலுமிச்சை, சமையல் சோடா, வினிகர்?

எலுமிச்சைச் சாறு மிகக் கடுமையான அமிலம், தலையில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடக்கூடும். சமையல் சோடா எதிர்ப்பக்கம்: காரம். முடியின் மேலடுக்கைத் தூக்கிச் சிக்கலாக்கும். இரண்டையும் விட்டுவிடுங்கள். நிறையத் தண்ணீர் கலந்த வினிகரால் அலசினால் படிவம் சற்று நீங்கி முடி பளபளப்பாகலாம், ஆனால் சுரப்பைக் குறைக்காது. புண் இருக்கும் தலையில் எதுவும் கூடாது.

சாப்பாட்டை மாற்றினால் குறையுமா?

எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் தலையில் எண்ணெய் வழியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பயோட்டின் மாத்திரையும் இதற்கு உதவாது.

வெயில் காலத்தில் ஏன் அதிகம்?

சூட்டில் சீபம் இளகி வேகமாகப் பரவும், வியர்வை அதைத் தலை முழுக்க இழுத்துச் செல்லும். வியர்வையும் சீபமும் வேறு வேறு சுரப்பிகளிலிருந்து வருபவை. உடற்பயிற்சி செய்து நனைந்த தலையை வெறும் தண்ணீரில் அலசினாலே உப்பு போய்விடும். எண்ணெய் போக ஷாம்பு வேண்டும். ஹெல்மெட், தொப்பி போடுகிறவர்கள் உள்துணியைத் துவைத்துக்கொண்டே இருங்கள். தலையணை உறையும் சீப்பும் அப்படித்தான். சுத்தமான தலையில் நேற்றைய எண்ணெயைச் சீப்பே திரும்பப் பூசிவிடும்.

என் மகளுக்கு 12 வயது. திடீரென்று ஒரே நாளில் முடி எண்ணெயாகிவிடுகிறது. திட்டினாலும் கேட்பதில்லை.

தயவுசெய்து திட்டாதீர்கள். பருவமடையும் வயதில் ஹார்மோன்கள் ஏறும்போது சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. பிறந்த சில வாரங்களில் அம்மாவின் ஹார்மோன்களால் கொஞ்ச காலம் சுரந்து (குழந்தைகளின் தலையில் மஞ்சள் செதில் படிவது அப்போதுதான்), அப்புறம் குழந்தைப் பருவம் முழுக்க அடங்கியிருந்தவை அவை. வாரம் இரண்டு முறை குளித்துப் போதுமானதாக இருந்த குழந்தைக்கு இப்போது அது போதவில்லை, அவ்வளவுதான். அவளுக்கே இது தெரியும், வகுப்பில் யாராவது சொல்லியும் இருப்பார்கள். ஒரு நல்ல ஷாம்பு வாங்கிக் கொடுத்து, எப்படி அலசுவது என்று ஒரு முறை கூட நின்று காட்டுங்கள். தினமும் தலைக்குக் குளிக்க நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். முகப்பருவும் சேர்ந்து வந்தால், முடி நெற்றியில் விழாமல் கட்டிவிடுவது உதவும்.

மாத்திரை போட்டு நிறுத்த முடியாதா?

ஐசோட்ரெடினாயின் சீபத்தை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அது கடுமையான முகப்பருவுக்கான மருந்து. கருவிலிருக்கும் குழந்தைக்குப் பெரும் ஊனங்களை உண்டாக்கக்கூடியது. எண்ணெய் முடிக்காக மட்டும் எடுக்க வேண்டிய மருந்து அல்ல. ஹார்மோன் கோளாறு இருக்கும் பெண்களுக்கு ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் அல்லது சில கருத்தடை மாத்திரைகளை மருத்துவர் தரக்கூடும். தானாக வாங்கிப் போடக் கூடாதவை இவை எல்லாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

நாலு வாரம் மருந்து ஷாம்பை ஒழுங்காகப் போட்டும் செதிலும் அரிப்பும் குறையாவிட்டால் போங்கள். வெள்ளி நிறத்தில் தடித்த செதில் நெற்றிக்கோட்டைத் தாண்டி வந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். குழந்தையின் தலையில் வட்டமாக முடி உடைந்து உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு வெறும் ஷாம்பு போதாது, உள்ளே மருந்து சாப்பிட வேண்டும். சீழ், வலி, வழுக்கைத் திட்டு எதுவானாலும் காத்திருக்காதீர்கள்.

பெண்களுக்கு எண்ணெய் கூடியதோடு மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது, பரு மூன்றும் சேர்ந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குப் புதிதாகத் தலையிலும் முகத்திலும் பிசுக்கும் செதிலும் ஏறுவது சில சமயம் பார்க்கின்சன் நோயோடு வரும். கை நடுக்கமோ நடையில் மந்தமோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போகிற அன்று தலையில் எண்ணெய், ஜெல், ட்ரை ஷாம்பு எதுவும் வேண்டாம். மருத்துவர் தோலையும் செதிலையும் இருக்கிறபடியே பார்க்க வேண்டும். நீங்கள் போடும் ஷாம்பு, மருந்துகள், உடற்பயிற்சிக்கூடத்தில் யாராவது கொடுத்த ஊசி அல்லது மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டெஸ்டோஸ்டிரோன் வகை மருந்துகள் எண்ணெய்ச் சுரப்பை நேரடியாகக் கூட்டும், அதை மட்டும் மறைக்காதீர்கள்.